தெரியலைன்னா சொல்லு

— அதுக்காகக் காதுக்குள்ளயே பாய் போட்டு உக்காந்துக்கிட்டுப் பேசணுமா? வீட்ல பத்து தடவை கூப்பிட்டா ஒரு 'உம்' வரும். இன்னைக்குக் கிளம்பினதுலேருந்து வாய் ஓயலையே உங்களுக்கு.

— ஹெல்மெட்டுக்குள்ள மைக் வெச்சிருக்கான்ல மகாராணி. இருக்கிறதைப் பயன்படுத்த வேண்டாமா? நீ பின்னாடி மூச்சு விடுறதுகூட எனக்குக் கேக்குது.

— எங்க மூச்சு விடுறது? காது ரெண்டும் மடங்கிப் போச்சு. இந்தச் சட்டிக்குள்ள தலையை நுழைக்கவே காலையில அரை மணி நேரம் ஆச்சு எனக்கு.

— புதுசு அப்படித்தான் இருக்கும். செருப்பு மாதிரி, போடப் போட இளகும். அதை விடு, சீட் எப்படி இருக்கு?

— சீட்டுக்கு என்ன குறைச்சல்? சோபா தோத்துப்போகும். முதுகுக்குச் சாய்மானம், கை வைக்கத் தாங்கல், அடியில சூடு வேற. பக்கத்து வீட்டு டீச்சர் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "இது வண்டியா, வீடா? மேல்மாடி வாடகைக்குக் கிடைக்குமா?"ன்னு கேட்டாங்க.

— கேப்பாங்க. பதினாலு மாசம் காத்திருந்து எடுத்த வண்டியாச்சே. ஆறு சிலிண்டர். பாட்டுப் பொட்டி, மேப்புப் பொட்டி, ரிவர்ஸ் கியர்!

— பைக்குக்கு எதுக்குங்க ரிவர்ஸு? கேக்குறவங்க வாயால சிரிக்க மாட்டாங்க.

— நானூறு கிலோ. உன்னையும் உன் பெட்டியையும் சேத்தா எங்கயோ போயிடும். கையை வெச்சுத் தள்ள முடியுமா? பொத்தானை அமுக்கினா பின்னாடி போகும். பாரு, முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா மேலயும் கீழயுமே போய்க்கிட்டிருந்தேன். ரிட்டயர் ஆயாச்சு. இனிமேலாவது முன்னாடியும் பின்னாடியும் போறேன், விடு.

— போங்க, யார் வேண்டாம்னா?

— நீயும்தான் முப்பது வருஷம் அச்சகத்துல புரூஃப் பாத்துப் பாத்துக் குனிஞ்ச தலை நிமிரல. 'கண்ணாடி அக்கா'ன்னு பேரே வெச்சுட்டானுங்க அங்க. இப்பவாவது உலகத்தைப் பாரு. எப்படி இருக்கு ரெண்டு பக்கமும்?

— பச்சையா இருக்கு.

— அவ்வளவுதானா?

— நல்ல பச்சையா இருக்கு.

— சரியான ரசனைக்காரி. மூக்குக் கண்ணாடி போடலைன்னா உனக்கு நானும் ஒண்ணுதான், அலமாரியும் ஒண்ணுதான். போட்டாலும் அதே கதைதான் போல.

— அலமாரியாவது திறந்தா கேட்டது கிடைக்கும்.

— இதுக்கு மட்டும் வாய் நல்லா வேலை செய்யும். சரி, அதோ ஒரு போர்டு வருது பாரு. என்ன போட்டிருக்கான்?

— எது?

— இடது பக்கம். பெருசா.

— ம்... நாப்பத்தி ரெண்டு.

— எதுக்கு நாப்பத்தி ரெண்டு?

— அடுத்த ஊருக்குத்தான், வேற எதுக்கு? ஏன் போர்டு போர்டா என்னையே கேக்குறீங்க? முன்னாடி அவ்வளவு பெரிய பொட்டி வெச்சிருக்கானே, அதுல காட்டலையா?

— வெயில் பட்டுப் பளபளங்குது. அதுவும் இல்லாம, உன்னைக் கேட்டா நீயும் சேந்து ஓட்டுற மாதிரி இருக்கும்ல.

— கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல என்னைக் கேட்டு நீங்க ஒரு ஆணி அடிச்சதில்ல. இன்னைக்கு, வண்டி வருதா பாரு, போர்டைப் பாரு, ஓவர்டேக் பண்ணலாமா பாருன்னு... நிஜமாச் சொல்றேங்க, உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. மத்தியானம் மகள் கூப்பிட்டப்ப சொன்னேன், "உங்கப்பா மாறிட்டாருடி"ன்னு.

— அவ என்ன சொன்னா?

— என்ன சொல்லுவா? "வயசான காலத்துல பதினோரு நாள் மலையும் கடலும் சுத்தணுமாம்மா? முதல் நிறுத்தமா நாளைக்குச் சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் என் வீட்டு வாசல்ல வந்து இறங்குற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது"ன்னா. ஏழு மாசம் அவளுக்கு. பயப்பட மாட்டாளா?

— ஒண்ணும் ஆகாது. அடுத்த போர்டு என்ன?

— நாப்பத்தெட்டு.

— இப்பத்தானே நாப்பத்தி ரெண்டுன்ன? போகப் போகத் தூரம் கூடுமா?

— அது வேற ஊர், இது வேற ஊர். பேசாம முன்னாடி பாத்து ஓட்டுங்க. குளிர் ஏறுது... ஏங்க, மேல என்ன அது, வெள்ளையா?

— மூடுபனி. உச்சிக்கு வந்துட்டோம். இனிமே இறக்கம்தான். பன்னெண்டு கொண்டை ஊசி வளைவு. மேப்பைப் பாத்து மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். கடைசி வளைவு தாண்டினா செக்போஸ்ட், லாரிங்க நிக்கிற பெரிய மைதானம். அது வரைக்கும் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பல்லம்.

— பள்ளம். பல்லம் இல்ல. 

— நீ அச்சகத்தை விட்டாலும் அச்சகம் உன்னை விடாது. சரி, பள்ளம்.

— லைட்டைப் போடுங்க. மணி நாலுகூட ஆகல, அதுக்குள்ள இப்படி மூடிக்கிட்டு வருது.

— போட்டாச்சு. போட்டா இன்னும்... ம். போட்டாச்சு.

— கொஞ்சம் மெதுவாப் போங்களேன்.

— மெதுவாத்தான் போறேன்.

— ஏங்க! வலது! வலது! லாரி!

— ஆ!

— ஐயோ... ஐயோ, என் முட்டியை உரசிட்டுப் போச்சுங்க! பேன்ட் கிழிஞ்சுடுச்சு!

— நின்ன லாரியா அது? நின்னுக்கிட்டா இருந்துச்சு?

— மலை மாதிரி நிக்குது! பின்னாடி லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது! நான் கத்துற வரைக்கும் நேரா அதுக்குள்ளயே போறீங்க!

— பனி...

— பனி எனக்கும்தான்.

— திடீர்னு வந்துடுச்சு.

— நின்ன வண்டி எப்படிங்க திடீர்னு வரும்? இருங்க. நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. நமக்கு முன்னாடி போற கார் என்ன கலர்?

— எதுக்கு இப்ப...

— சொல்லுங்க. என்ன கலர்?

— வெள்ளை.

— முன்னாடி காரே இல்ல. ஒண்ணுமே இல்லங்க. ஒரு லைட்டுகூட இல்ல. பேசுங்க. காலையிலேருந்து பேசினீங்களே, இப்பப் பேசுங்க!

— கண்ணுல புரை.

— எந்தக் கண்ணுல?

— ரெண்டுலயும். இடதுல ரொம்ப. நல்ல வெளிச்சம்னா ரோடு தெரியும், வண்டி தெரியும். எழுத்து தெரியாது. எதிர் லைட்டு பட்டா பாலைக் கொட்டின மாதிரி ஆயிடும். இந்தப் பனியில... உண்மையைச் சொல்லட்டுமா? ஹேண்டில்பார் தெரியுது. அதுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே இல்ல.

— எப்பலேருந்து?

— டாக்டர் சொல்லி மூணு மாசம் ஆச்சு. ஆபரேஷன் ஆகுற வரைக்கும் எந்த வண்டியையும் தொடாதீங்கன்னார். அதே வாரம் ஷோரூம்லேருந்து போன். "சார், உங்க வண்டி வந்துடுச்சு"ன்னு.

— என்கிட்ட மூச்சு விடல நீங்க.

— சொன்னா விட்டிருப்பியா?

— மத்தியானம் சாப்பாட்டுக் கடையில மெனு அட்டையை என் பக்கமே தள்ளித் தள்ளி விட்டீங்களே, அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்.

— நீயும்தான் படிக்கல. சர்வரைக் கூப்பிட்டு "என்ன இருக்கு"ன்னு கேட்ட.

— அது... அதுல எழுத்துப் பிழை அதிகம். படிச்சா சாப்பாடு இறங்காது. பேச்சை மாத்தாதீங்க! இதுக்காகத்தான் என்னை ஏத்திக்கிட்டு வந்தீங்களா? கண்ணுக்குப் பதிலா?

— அப்படி இல்ல...

— வண்டி வருதா பாரு, போர்டைப் பாரு! எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சே! மகள்கிட்ட வேற பெருமை பீத்திக்கிட்டேனே, என்னைச் சொல்லணும்!

— உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு ஆசையும் இருந்துச்சு. உன் கண்ணு வேணும்னும் இருந்துச்சு. ரெண்டும் உண்மை. இப்ப திட்டாதம்மா. கீழ போய் எவ்வளவு வேணும்னாலும் திட்டு.

— நிறுத்துங்க. இங்கயே நிறுத்துங்க. நான் நடந்தே இறங்குறேன்.

— எங்க நிறுத்துறது? ஓரமே கிடையாது இந்த ரோட்டுல. பின்னாடி கேக்குதா?

— என்ன அது?

— லாரி ஹாரன். நம்ம முதுகுலயே வர்றான். இந்தப் பனியில நான் நின்னா அவன் நிக்க மாட்டான். மேல ஏத்திட்டுப் போயிடுவான். அவனுக்கு முன்னாடி இறங்கிக்கிட்டே இருக்கணும், வேற வழி இல்ல.

— ஏங்க, அப்படின்னா நான் ஒண்ணு சொல்லியாகணும்...

— அப்புறம் சொல்லு. முதல்ல நான் சொல்றதைக் கேளு. லிஃப்ட்டுக் குழிக்குள்ள கும்மிருட்டா இருக்கும். லிஃப்ட்டோட கூரை மேல ஒருத்தன் நிப்பான், மெஷின் ரூம்ல நான் இருப்பேன். அவன் கண்ணு, நான் கை. அவன் "இறக்கு"ம்பான். நான் "இறக்கு"ன்னு திருப்பிச் சொல்லிட்டுத்தான் இறக்குவேன். திருப்பிச் சொல்லாம எதையும் தொட மாட்டேன். மூணே வார்த்தைதான். நமக்கு இடது, வலது, நிறுத்து. வேற பேச்சு கிடையாது. புரிஞ்சுதா?

— புரிஞ்சுது.

— இன்னொண்ணு. அதுதான் பெரிய சட்டம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். பாக்காததைப் பாத்தேன்னு ஒருத்தன் சொன்னான் ஒரு தடவை. கூட வேலை பாத்தவன் கை போச்சு.

— தெரியலைன்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?

— என்ன பண்ணுவேன்? பிரேக்கை அமுக்கிடுவேன். நான் வேண்டாம்னாலும் கால் அமுக்கிடும். மிச்சத்தை லாரி பாத்துக்கும். சொல்லு, உன்னால முடியுமா? ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூடக் கண்டுபிடிச்ச கண்ணு அது. அதை நம்பித்தான் என் கால் இன்னும் பிரேக் மேல போகாம இருக்கு.

— முடியும். ஓட்டுங்க.

— நிஜமா?

— ஓட்டுங்கன்னு சொல்றேன்ல. மலை கருப்பாத் தெரியுது, இடது பக்கம். வலது பக்கம் வெள்ளை. கருப்பை ஒட்டியே போங்க.

— கருப்புன்னா? பாறையா, மரமா?

— கருப்புங்க! அது போதும் உங்களுக்கு. வலது.

— வலது.

— இன்னும் வலது. வளைஞ்சுக்கிட்டே போகுது... போதும், போதும்!

— 'போதும்' கிடையாது. இடதுன்னு சொல்லு.

— இடது!

— இடது.

— ஏங்க, கருப்பு இப்ப வலது பக்கம் வந்துடுச்சு! மலை பக்கம் மாறிடுச்சுங்க!

— மாறும். கொண்டை ஊசி வளைவுன்னா அப்படித்தான், ஒவ்வொண்ணுக்கும் மாறும். ஒண்ணு தாண்டிட்டோம். அப்ப இனி பல்லம் நம்ம பக்கம். இடது பக்கம் பல்லம். கேட்டியா?

— கேட்டேன்.

— நீ திருத்தல.

— எதை?

— பல்லம்னேன். நீ திருத்தல. பயந்துட்டியா?

— வலது.

— வலது.

— இப்ப இடது. முழுசா இடது. திரும்புங்க, திரும்புங்க...

— இடது. இடது. ரெண்டு.

— எண்ணாதீங்க. எண்ணினா இன்னும் பத்து இருக்குன்னு தெரியுது.

— எண்ணாம எப்படி? எப்ப முடியும்னு தெரிய வேண்டாமா?

— ஏதோ மஞ்சளா வருது. எதிர்ல. ரெண்டு... இல்ல, நாலு.

— பஸ்ஸா, லாரியா?

— மஞ்சள்! மஞ்சள் பெருசாகுது! இடது! இன்னும் இடது!

— இடது. இடது. எனக்கு எல்லாம் வெள்ளையாயிடுச்சு... போயிடுச்சா? போயிடுச்சா சொல்லு!

— போயிடுச்சு. காத்து தள்ளுச்சு பாருங்க. உங்க ஜாக்கெட்டைப் புடிச்சிருக்கேன், கிழிஞ்சிருக்கும்.

— கிழியட்டும். விட்டுடாத.

— ஐயோ, என்ன சத்தம் இது! காதுக்குள்ள மணி அடிக்குது!

— போன். மகளாத்தான் இருக்கும்.

— எடுக்காதீங்க!

— நான் எங்க எடுக்குறது? மூணாவது மணியில தானா எடுத்துக்கும். பெருமைக்கு அப்படி செட் பண்ணி வெச்சேன்.

— அப்பா! எங்க இருக்கீங்க?

— இதோ... மலையில இறங்கிக்கிட்டிருக்கோம்டா கண்ணு. நல்லா இருக்கோம்.

— வலது.

— வலது.

— என்னது வலது? அம்மா, நீயா பேசுற?

— நான்தான்டி. அப்பாவுக்கு வழி சொல்றேன். இடது.

— இடது.

— அட, அப்பா உன் பேச்சைக் கேட்டு ஓட்டுறாரா? நீ சொன்னப்ப நான் நம்பலம்மா. வீடியோ எடுத்து வை. சாட்சி வேணும். குரல் ஏன் நடுங்குது?

— குளிருடி. பல்லு தந்தியடிக்குது. வெச்சுடு.

— நாளைக்கு வந்துடுவீங்கல்ல? உனக்காக மெத்தை எல்லாம் வெயில்ல போட்டு வெச்சிருக்கேன்.

— வந்துடுவோம். சொன்னா சொன்னபடி வந்துடுவோம். வெச்சுடும்மா, தயவு செஞ்சு வெச்சுடு.

— வெச்சுட்டாளா?

— வெச்சுட்டா. வலது.

— வலது. அவகிட்டப் பொய் சொல்லிட்டோம்.

— மூணு வார்த்தைதான்னு நீங்கதானே சொன்னீங்க? வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க. இடது.

— இடது. ஆறு ஆச்சு. அடுத்தது ஏழாவது, அதுதான் இருக்கிறதுலயே குறுகலானது. நல்லாப் பாத்துச் சொல்லு.

— வலது.

— வலது. எவ்வளவு?

— இன்னும் வலது... எதிர்ல வெள்ளையா விரிஞ்சு போகுது. அகலமா. நேராவே...

— நேராவா? வளைவுல எப்படி நேரா வரும்? சரியாப் பாரு!

— நிறுத்து! நிறுத்து!

— நிறுத்து. என்ன? என்ன பாத்த?

— பாக்கல. கேட்டேன். தண்ணி விழுற சத்தம். கீழேருந்து வந்துச்சுங்க. ரொம்பக் கீழேருந்து.

— அசையாத. முன் சக்கரம் ஏதோ கல்லுல முட்டி நிக்குது. இரு, இடது காலை ஊனிக்கிறேன்.

— ஊனிட்டீங்களா?

— தரை இல்ல.

— என்னங்க?

— காலை நீட்டுறேன், கீழ தரை இல்ல. வெறும் காத்துதான் இருக்கு. வலது பக்கம் சாய். மெதுவா. மூட்டை மாதிரி மொத்தமாச் சாய்.

— சாஞ்சுட்டேன். கடவுளே, கடவுளே...

— வலது கால் ஊனிட்டேன். புடிச்சுட்டேன். நானூறு கிலோ... முட்டி கழண்டுடும் போல இருக்கு.

— நான் இறங்கிடட்டுமா?

— இறங்கினா வண்டி ஆடும். ஆடினா அவ்வளவுதான். அப்படியே இரு. ரிவர்ஸ் எடுக்கணும். பின்னாடி லாரி எங்க இருக்கான், பாத்துச் சொல்லு.

— மஞ்சளா ரெண்டு. அசையல. நின்னுட்டான் போலங்க!

— சரி. பின்னாடி போறேன்.

— பின்னாடி.

— இப்ப நீ திருப்பிச் சொல்ற.

— பேசாமப் போங்க!

— ஒரு அடி... இன்னும் ஒரு அடி... ஏய், பட்டுடுச்சு. ரெண்டு காலும் தரையில பட்டுடுச்சு!

— பைக்குக்கு எதுக்கு ரிவர்ஸுன்னு கேட்டேனே. என் வாயைக் கழுவணும்.

— அழாத. மைக் நனைஞ்சா நமக்குப் பேச்சும் போயிடும்.

— ஏங்க, ஒரே நிமிஷம். அந்தப் பின்பெட்டியைத் திறந்துக்கட்டுமா? ஒரு நிமிஷம்தான்.

— பெட்டியா? இப்பவா? தண்ணியைக் கீழ போய்க் குடிச்சுக்கலாம்டி! வளைவுல நிக்கிறோம். லாரிக்குப் பின்னாடி இன்னொருத்தன் வந்து இடிச்சா எல்லாரையும் சேத்துத் தள்ளிடுவான். கேளு, மறுபடியும் ஹாரன் அடிக்கிறான் பாரு!

— சரி, சரி. போங்க. வலது. நல்லா வலது.

— வலது.

— கருப்பு வலது பக்கம் வந்துடுச்சு. அதை ஒட்டியே போங்க, விடாதீங்க.

— மகாராணி.

— ம்.

— முப்பத்தஞ்சு வருஷம் குழிக்குள்ள வேலை பாத்தேன். முப்பது மாடி உயரத்துல ஒத்தைக் கயிறு புடிச்சு நின்னிருக்கேன். ஒரு நாளும் இப்படிப் பயந்ததில்ல.

— எனக்கு உங்களைவிட அதிகமாப் பயமா இருக்கு.

— உனக்காவது கண்ணு தெரியுது.

— இடது.

— இடது. எட்டு. உன்னை ஏமாத்திக் கூட்டிக்கிட்டு வந்தேன். பாவி நான்.

— இருங்க, இப்ப வலது. கீழ போனதும் இதே வார்த்தையைச் சத்தமா சொல்லுங்க. மகளுக்கு நேராவும் சொல்லுங்க.

— வலது. சொல்றேன். ஒன்பது.

— இடது.

— இடது. பத்து.

— கீழ ஏதோ சிவப்பாத் தெரியுது. ஒண்ணே ஒண்ணு. உசரத்துல, அசையாம நிக்குது.

— கம்பத்துல சிவப்பு விளக்கா? செக்போஸ்ட்டு! அதேதான், செக்போஸ்ட்டுதான்! இன்னும் ரெண்டு வளைவு. சொல்லு, சொல்லு!

— வலது. பதறாதீங்க. வலது... இடது. அந்தச் சிவப்பைப் பாத்தே போறோம்.

— இடது. பனி விலகுது. எனக்கே தெரியுது, சிவப்பு எனக்கே தெரியுது! பன்னெண்டும் ஆச்சு!

— மைதானம் வந்துடுச்சா?

— வந்துடுச்சு. இதோ நிறுத்திட்டேன். எஞ்சினை அணைச்சுட்டேன். ஸ்டாண்டு போட்டாச்சு. நீ இறங்கலாம்.

— முடியல. கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருக்கேன்.

— உக்காரு, எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காரு. இது இங்கயே கிடக்கட்டும். நாளைக்கு பஸ்ல போலாம். ஆபரேஷன் முடியுற வரைக்கும் நான் சைக்கிளைக்கூடத் தொட மாட்டேன். சத்தியம்.

— எழுதிக் குடுங்க. புரூஃபும் நானே பாத்துக்கிறேன்.

— அண்ணே! பெரிய வண்டி அண்ணே! முன்னாடி இறங்கினது நீங்கதானே?

— ஆமா தம்பி. லாரிக்காரரா நீங்க? பின்னாடியே ஹாரன் அடிச்சு விரட்டினது நீங்கதானா?

— அடிச்சது நாந்தாண்ணே. ஆனா விரட்டலண்ணே! விட்டுட்டுப் போயிடாதீங்க, விட்டுட்டுப் போயிடாதீங்கன்னு அடிச்சேன்!

— என்னது?

— எனக்கு ஒரு மண்ணும் தெரியலண்ணே. வைப்பர் வேற உச்சியிலயே செத்துப்போச்சு. உங்க பின்னாடி சிவப்பு லைட்டு ஒண்ணுதான் கதி. நீங்க திரும்பினா திரும்பினேன், நின்னா நின்னேன். பதினாறு டன் இரும்பு உங்க லைட்டைப் புடிச்சுக்கிட்டு இறங்கியிருக்கு. எனக்குப் பின்னாடி மூணு வண்டி, என் லைட்டைப் புடிச்சுக்கிட்டு.

— நாங்க நின்னிருந்தா நீங்களும் நின்னிருப்பீங்களா?

— நிக்காம? நீங்க இல்லாம எனக்கு ஏதுண்ணே ரோடு? அந்த ஏழாவது வளைவுல நின்னு ரிவர்ஸ் எடுத்தீங்களே, ஆடிப்போயிட்டேன். எனக்கு வழி காட்டத்தான் பின்னாடி வர்றீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். என்னா கண்ணுண்ணே உங்களுக்கு!

— என் கண்ணு இல்ல தம்பி. எனக்குப் புரை. ரோடே தெரியாது. இதோ உக்காந்திருக்காளே, என் வீட்டுக்காரி, இவ கண்ணு. முப்பது வருஷம் அச்சகத்துல புரூஃப் பாத்தவ. பன்னெண்டு வளைவுல ஒரு தடவைகூட 'தெரியல'ன்னு இவ வாயிலேருந்து வரல.

— அக்கா! அப்ப நாலு வண்டி சனத்தோட உசுரும் உங்க கண்ணுலயா இருந்துச்சு? நல்லா இருப்பீங்கக்கா. ஏன் அழுறீங்க?

— ஏங்க.

— சொல்லு மகாராணி.

— அந்தப் பின்பெட்டியைத் திறங்க.

— தண்ணிதானே? அங்கயே கேட்ட, பாவம். இதோ தர்றேன்.

— தண்ணி இல்ல. மேலாப்புலயே கூடு ஒண்ணு இருக்கும். கையால தடவிப் பாருங்க.

— இருக்கு. உன் மூக்குக் கண்ணாடிக் கூடு. உள்ள கண்ணாடி இருக்கே? இது எது, பழசா?

— என்கிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதாங்க. காலையில அது இந்த ஹெல்மெட்டுக்குள்ள நுழையல.